ஒட்டவைத்த கொக்கி

"துரு பொய் சொல்லுதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?" என்று ஓர் இன்ஸ்பெக்டர் ஒரு தடவை என் அண்ணியிடம் கேட்டார்.

"துரு பொய் சொல்லாது சார். அதைப் பூசின ஆள்தான் சொல்வார். அவரைப் பேச விட்டாப் போதும்" என்றாள் அண்ணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் பேச விட்ட மனிதருக்கு, நிறுத்தத் தெரியவில்லை.

எல்லாரும் அவரைக் கர்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்தவரில்லை. முப்பது வருஷம் மரவாடி நடத்தியவர். மீசையும் குரலுமாகச் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பதவி அது. கேட்டைத் திறந்தவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் வரலியா?"

"ஒருத்தர் இருக்கார். எங்க அண்ணன். எங்க வீட்டு மாடியில துணி காயப்போட்டுட்டிருக்கார். வரச் சொல்லவா?" என்றேன்.

அண்ணி என் முழங்கையைக் கிள்ளினாள். கிள்ளுவது அவள் வேலை, பேசுவது என் வேலை. பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்து அறிக்கை எழுதியவள் அவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். நாத்தனார் என்ற முறையில் நான் கூடவே போகிறேன். சம்பளத்தை நம்பி இல்லை, வேடிக்கையை நம்பி.

கர்னல் மாடியில் ஒரு நீளமான அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. சுவரோரமாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் நேர் மேலே ஒரு மஞ்சள் விளக்கு. உள்ளே பிரிட்டிஷ் பட்டாளத்தின் பழைய சாமான்கள்: அகன்ற விளிம்பு வைத்த இரும்புத் தொப்பிகள், நுனியில் பித்தளை மாட்டிய காக்கிப் பட்டைகள், கம்பளி உறை போட்ட தண்ணீர்ப் புட்டிகள், விசில்கள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஓர் அட்டை, அட்டையில் எண்.

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். தோட்டாப் பெட்டி ஒன்றின்மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கர்னலின் மச்சினன், பழைய இரும்புக்கடைக்காரர். மூலையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்திலேயே காலி நாற்காலி ஒன்று இருந்தது. அதில் உட்காரும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

கர்னல் மேஜைமேல் கிடந்த ஒரு பெல்ட்டை எடுத்து அண்ணியை நோக்கி வீசினார்.

"இந்தாம்மா, இது என்னன்னு சொல்லு. தெரியலைன்னா வந்த வழியே போயிடலாம்."

அண்ணி பெல்ட்டைப் புரட்டினாள். "1937 மாடல். உள்பக்கம் செஞ்சவர் பேரும் நாப்பத்திரெண்டுன்னு வருஷமும் அச்சு இருக்கு. பக்கத்துல ஒரு அம்புக்குறி. பிரிட்டிஷ் அரசாங்கத்தோட சொத்துன்னு அடையாளம். இங்க இன்னொரு அம்பு, எதிர்ப்பக்கமா வந்து மூக்கோட மூக்கு முட்டுது. அரசாங்கமே வேண்டாம்னு வெளியில வித்துட்டதுன்னு அர்த்தம்."

"விவாகரத்து ஆனதுன்னு சொல்லுங்க" என்றேன்.

மூலையில் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பரவாயில்லை, கொஞ்சம் தெரிஞ்சிருக்கு" என்றார் கர்னல். "எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். திருட்டு நடந்திருக்குன்னு லைசென்ஸ் உள்ள துப்பறியும் ஆள் கையெழுத்துப் போடணும். நாலு மணிக்கு அதை வெச்சுப் போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். திருடினது யாருன்னு நீங்க தேடவே வேண்டாம். அதோ நிக்கிறா, லேபிள்காரி."

"எனக்குக் காது கேக்குது சார்" என்றாள் அந்தப் பெண்.

"கேக்கட்டும்னுதான் சொல்றேன்."

நடுவில் இருந்த பெட்டியிடம் அவர் எங்களைக் கூட்டிப்போனார். பச்சைக் கம்பளித் துணிமேல், நான்கு பித்தளை ஊசிகளுக்கு நடுவில், ஒரு நீளக் கத்தி படுத்திருந்தது. துப்பாக்கி முனையில் மாட்டுகிற பயனெட். கைப்பிடிக்கும் கத்திக்கும் நடுவே, எதிராளியின் கத்தியைச் சிக்கவைப்பதற்காக வளைந்த ஓர் இரும்புக் கொக்கி.

"1907 மாடல். ஆரம்பத்துல செஞ்சதுக்கு மட்டும்தான் இந்தக் கொக்கி உண்டு. 1913லயே போதும்னு நிறுத்திட்டாங்க. இருந்ததையும் பட்டறைக்கு வரவர அறுத்துப் போட்டாங்க. கொக்கியோட மிஞ்சினது ரொம்ப அபூர்வம். எட்டு மாசமா என்கிட்ட இருந்துது. பழைய பட்டாளச் சாமான் சேர்க்கிற எங்க க்ளப்புல எவன்கிட்டயும் கிடையாது. முட்டி ஆபரேஷனுக்கு ஆறு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். சாவி இவகிட்ட இருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் கண்காட்சிக்குப் பொருள் தேர்ந்தெடுக்க மியூசியக் காப்பாளர் வந்தார். க்ளப் ஆளுங்க அஞ்சு பேர் கூட நிக்கிறாங்க. கொக்கியை நகத்தால ஒரு கீறு கீறினார். 'ஒட்டு வெச்சது'ன்னுட்டார். அசலை எடுத்துட்டுப் போலியை வெச்சிருக்கா இவ!"

"அஞ்சு பேர் முன்னாடியா!" என்றேன். "முட்டியைவிட அங்கதான் வலிச்சிருக்கும்."

"இந்த வாயை வெளியில நிக்கச் சொல்லு!"

"வாய் என் கூடத்தான் வரும்" என்ற அண்ணி, அந்தப் பெண்ணிடம் போனாள். "நீங்க சொல்லுங்க."

"நான் எதையும் மாத்தலைங்க. வந்த அன்னைக்கே இதை அளந்து அட்டை எழுதினேன். அன்னைக்கு இருந்தது இதேதான்." அவள் குரல் அடங்கியிருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "நாளைக்குக் காலையில குடும்பக் கோர்ட்டுல என் பொண்ணு யார்கூட இருக்கணும்னு தீர்ப்பு. ஆறு வயசு. இன்னைக்குத் திருட்டுப் புகார் பதிவானா, அவ அப்பாவோட வக்கீல் நாளைக்கே அதை ஜட்ஜ்கிட்ட நீட்டுவார். அதுக்கப்புறம் நான் நிரபராதின்னு பத்து வருஷம் கழிச்சு நிரூபிச்சு என்ன பண்ண? அவ கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சாப் போய்ப் பார்த்துக்கலாம்."

"நாடகம்" என்றார் மச்சினன், காலை ஆட்டியபடியே.

"டிக்கெட் வாங்காமப் பார்க்கிறீங்களே, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன்.

ஒவ்வொரு எண்ணுக்கும் விவரம் எழுதிய அட்டைகள் இருந்த பெட்டியை அண்ணி கேட்டாள். கர்னல் அதற்காகவே காத்திருந்தவர்போல நாற்பத்தொன்றாம் அட்டையை உருவி எடுத்து உரக்கப் படித்தார்.

"'கொக்கி உண்டு. பிடி நுனியில் ஓட்டை இல்லை.' இவளே எழுதினது! இப்பப் பெட்டியில இருக்கிற கத்தியைப் பாரு. பிடி நுனியில ஓட்டை இருக்கா? இருக்கு. முதல் உலகப் போர் நடந்தப்போ அழுக்கும் எண்ணெயும் வெளியேறணும்னு பின்னாடி போட ஆரம்பிச்ச ஓட்டை அது. நான் வாங்கின அசல்ல அது கிடையாது. வேற என்ன சாட்சி வேணும்?"

"நான் அப்படி எழுதலை" என்றாள் அந்தப் பெண். "ஓட்டை உண்டுன்னுதான் எழுதினேன்."

"தன் கையெழுத்தையே இல்லைங்கிறா!"

நான் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. எழுத்து ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது.

"அண்ணி, இவங்க விசிலைக்கூட மில்லிமீட்டர்ல அளந்திருக்காங்க. நாப்பத்தொண்ணு மட்டும் 'கத்தி பதினேழு அங்குலம்'னு சொல்லுது."

அந்தப் பெண் தன் பையிலிருந்து ஓர் எஃகு அளவுகோலை எடுத்து நீட்டினாள். அதில் அங்குலமே கிடையாது.

"ஒரு நாள் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பா" என்றார் கர்னல். "கால் அங்குலக் கண்ணாடிக்குப் பின்னாடி பூட்டி வெச்சதையே எடுத்தவளுக்கு இது பெரிசா?"

"கால் அங்குலம்" என்று நான் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "மரவாடிக்காரங்க அளவு போல இருக்கே."

அவர் என்னை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அண்ணி நடுவில் வந்து நின்றாள். அடுத்து அவள் சொன்னது எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

"அட்டையை விடுங்க. அட்டை யார் வேணும்னாலும் எழுதலாம். சார் சொல்றதையே வெச்சுப்போம். அறிக்கையில நான் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, சார், உங்க வாக்குமூலம் வேணும். நான் கேக்குறேன், நீங்க பதில் சொல்லுங்க. இவ எழுதிப்பா."

"இப்பத்தான் புத்திசாலியா பேசுறே."

அந்தப் பெண் அண்ணியைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "நீங்களுமா?" என்று மட்டும் கேட்டாள். அண்ணி திரும்பவேயில்லை. நான் பேனாவைத் திறந்தேன். கையே வரவில்லை.

"நீங்க வாங்கினதுல ஓட்டை இல்லை. நிச்சயமா?"

"சத்தியமா."

"எட்டு மாசமும் அது இந்தப் பெட்டியிலதான் இருந்துதா? எடுத்துத் துடைக்கிறது, இடம் மாத்தறது?"

"ஒருத்தனையும் தொட விடமாட்டேன். நானே தொட மாட்டேன். அதுக்குத்தான் நாலு ஊசி. மயிரிழை நகராது. எல்லாரும் கண்ணாடி வழியா பார்த்துக்க வேண்டியதுதான்."

"விளக்கு?"

"ராத்திரி பகல் அணைச்சதே இல்லை. ராஜா மாதிரி வெளிச்சத்துல இருந்துது."

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குக் காலையில?"

"அசல்தான் இருந்துது. கண்ணால பார்த்துட்டுத்தான் போனேன். மாத்தினது அந்த ஆறு நாளுக்குள்ளதான்."

"துணி?"

"இந்தக் கத்திக்காகப் பெட்டி செஞ்ச அன்னைக்கு விரிச்ச துணி. போதுமா?"

அவர் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக மச்சினனும் போட்டார். அண்ணி காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பெட்டியைத் திறக்கவைத்து, கைக்குட்டையால் பயனெட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினாள்.

"இப்போ எல்லாரும் வந்து துணியைப் பாருங்க."

பெட்டியில் கத்தி இல்லை. ஆனால் கத்தியின் வடிவம் அப்படியே இருந்தது. எட்டு மாத வெளிச்சத்தில் துணி முழுக்க வெளிறிப்போயிருக்க, கத்தி மறைத்திருந்த இடம் மட்டும் புதுத் துணியைப்போலக் கரும்பச்சையாக இருந்தது. நீளமான கத்தி, வளைந்த கொக்கி, கைப்பிடி.

கைப்பிடியின் நுனியில், அந்தக் கரும்பச்சைக்கு நடுவில், வெளிறிய வட்டப் புள்ளி ஒன்று இருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது.

அண்ணி கத்தியை ஊசிகளுக்கு நடுவில் திரும்ப வைத்தாள். ஓட்டை வழியாகப் பார்த்தேன். புள்ளி அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"நேர் மேல விளக்கு. ஓட்டை வழியா வெளிச்சம் இறங்கி இருக்கு" என்றாள் அண்ணி. "சுத்தி இருக்கிற துணி எவ்வளவு வெளிறியிருக்கோ அவ்வளவுக்குப் புள்ளியும் வெளிறியிருக்கு. ஆறு நாள்ல இப்படி ஆகாது. ஓட்டை உள்ள இந்தக் கத்திதான் முதல் நாள்லேர்ந்து இங்க படுத்திருக்கு. யாரும் எதையும் மாத்தலை."

"பூச்சி அரிச்சிருக்கும்!"

"காம்பஸ் வெச்சு வட்டம் போட்டா அரிச்சுது?" என்றேன். பேனா இப்போது கையில் நன்றாக ஓடும்போல இருந்தது.

"க்ளப் ஆளுங்க அத்தனை பேரும் கண்ணாடி வழியா பார்த்தாங்களே, ஒருத்தனாவது ஓட்டை இருக்குன்னு சொன்னானா?" என்றார் கர்னல்.

"எல்லாரும் கொக்கியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுட்டு இருந்தாங்க சார். ஓட்டையை யார் பார்க்கப் போறாங்க?" என்றாள் அண்ணி. "பாருங்க, ஏமாந்து வாங்குறது யாருக்கும் நடக்கும். அதுக்கு வெட்கப்பட்டு ஒரு பொண்ணு தலையில கட்டினீங்க பாருங்க, அதுதான் அசிங்கம்."

கர்னல் பெட்டியையும் துணியையும் பார்த்தார். அண்ணியின் பையைப் பார்த்தார். அதற்குள் அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. தப்பிக்க வழி தேடுகிறவரின் கண்கள் அறையைச் சுற்றி வந்து கடைசியில் தோட்டாப் பெட்டிமேல் போய் நின்றன.

"நீயாடா? அப்ப நீதான் என்னை ஏமாத்தியிருக்கே! போலியை அசல்னு சொல்லி என் தலையில கட்டியிருக்கே. அம்மா, எழுதிக்க. இவன்தான் திருடன். சொந்த அக்கா புருஷனையே..."

கால் ஆட்டம் நின்றது.

"அத்தான்" என்றார் மச்சினன். "ஒரு தடவை யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

"என்னடா யோசிக்கிறது? பழைய இரும்புக்காரப் புத்தி! உன்னை இந்தக் குடும்பத்துல சேர்த்ததே தப்பு!"

"என்னை நீங்க சேர்க்கலை. எங்க குடும்பத்துலதான் உங்களைச் சேர்த்தோம்." அவர் எழுந்தார். பையிலிருந்து போனை எடுத்து, விரலால் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டே போனார். "வியாபாரத்துல நான் எதையும் அழிக்கிறதில்லை அத்தான். கடைக்குப் பழக்கம்."

போனிலிருந்து கர்னலின் குரலே கேட்டது. மீசை முறுக்கிக்கொண்டு பேசுகிற அதே குரல்.

"டேய், சாமான் வந்துட்டுது. கொக்கி வளைவு சரியில்லை. இன்னும் அரை அங்குலம் உள்ள வளைச்சு ஒட்டித் தரச் சொல்லு. ஒட்டின இடம் தெரியக் கூடாது, மேல துரு ஏத்தச் சொல்லு. க்ளப்புல ஒருத்தன் மூச்சு விடக் கூடாது, சொல்லிட்டேன்."

மச்சினன் அதை இன்னொரு தடவை போட்டுக் காட்டினார். யாரும் போடச் சொல்லவில்லை, அவராகத்தான்.

"ஓட்டை இருந்த சாதாரணக் கத்தி, என் கடையில குப்பையோட கிடந்தது. 'கொக்கி வெச்சுக் கொடு'ன்னவர் இவர். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் 'அட்டையை மாத்தி எழுதிட்டேன், நீ சாட்சிக்கு மட்டும் வா, குடும்ப மானம்'னார். சரின்னு வந்தேன். என்னைத் திருடன்னா நான் எதுக்கு வாயை மூடிக்கணும்?"

நான் கர்னலைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் ஏமாந்த மனிதர் என்று ஒரு மூலையில் பாவப்பட்டிருந்தேன். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

"ஏமாந்தவர்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்க சார்" என்றாள் அண்ணி. அவள் குரல் இவ்வளவு குளிர்ந்து நான் கேட்டதில்லை. "மணி மூணு இருபது. மேஜையில உட்காருங்க. எழுதுங்க. பொருள் எதுவும் திருடு போகலை. கொக்கியை ஒட்டச் சொன்னது நான். அட்டையை மாத்தினது நான். இவங்க மேல சொன்னது பொய். தேதி, கையெழுத்து. அதையே போட்டோ எடுத்து உங்க க்ளப் குரூப்புல இப்பவே போடுங்க."

"க்ளப்புலயா? அதுக்கு நான் செத்துடலாம்."

"அது உங்க இஷ்டம். எழுதிட்டுச் சாவுங்க" என்றேன்.

"போடலைன்னா?"

"நீங்க நாலு மணிக்குப் போற ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன். இந்த வாக்குமூலமும் உங்க மச்சினனோட போனும் கூட வரும். பொய்ப் புகாருக்கு என்ன தண்டனைன்னு அங்கேயே கேட்டுக்கலாம்."

மச்சினன் போனைச் சட்டைப் பையில் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

கர்னல் எழுதினார். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல அழுத்தினார். இரண்டு தடவை நிறுத்தி, "இந்த வார்த்தை வேணுமா?" என்று பேரம் பேசினார். அண்ணி இரண்டு தடவையும் வேணும் என்றாள். குரூப்பில் படம் ஏறிய மறு நிமிஷமே அவர் போன் அடிக்கத் தொடங்கியது. அவர் எடுக்கவில்லை. அது நிற்பதும் மறுபடி அடிப்பதுமாக இருந்தது.

அண்ணி காகிதத்தை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். "உங்க வக்கீல்கிட்ட இன்னைக்கே கொடுத்துடுங்க. நாளைக்கு யாராவது வாயைத் திறந்தா இது போதும். உங்ககிட்ட முன்கூட்டியே சொல்ல முடியலை. உங்க முகம் மாறியிருந்தா அவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்."

அவள் தலையசைத்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். தேதியைப் பார்த்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். இரண்டாக மடித்து, புத்தகம் ஒன்றுக்குள் செருகி, அந்தப் புத்தகத்தைப் பையின் அடியில் வைத்தாள்.

கர்னல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இந்த நிலைமையிலும் அந்தக் குரலுக்கு அதட்டத்தான் வந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அதையே பிடிச்சுத் தொங்கிட்டு இருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை வந்துடு. இன்னும் நூத்துப் பத்துச் சாமானுக்கு அட்டை எழுதணும். உன்னை மாதிரி எழுத ஆள் கிடைக்காது, அது எனக்கும் தெரியும். என்ன, சொல்லு. வர்றியா?"

அவள் பெட்டிச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள்.

"உன்னைத்தான் கேக்குறேன்! ஒரு பெரிய மனுஷன் இறங்கி வந்து பேசறப்போ ஒரு வார்த்தை பதில் சொன்னா வாய் தேஞ்சா போயிடும்? கோபம்னா திட்டு. திட்டிட்டுப் போ!"

எனக்கு நாக்கு நுனியில் நாலைந்து பதில் தயாராக இருந்தது. அண்ணி என் முழங்கையைக் கிள்ளவில்லை. இருந்தும் நான் சொல்லவில்லை.

அவள் பையைத் தோளில் மாட்டினாள். கர்னலைத் தாண்டி, மச்சினனைத் தாண்டி, எங்களையும் தாண்டி நடந்தாள். அறை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.